தூக்குவாளியில் இரண்டு பெயர்

அந்த போனில் பேசுகிற பொம்பளை நான்தான் கண்ணு.

சிரிக்காதே. "என்னம்மா, எடுத்ததும் அடிமாட்டு விலை கேக்குறே, நான் என்ன திருடிக்கிட்டா வந்து விக்கிறேன்?" என்று இப்போது ஒரு குரல் வந்ததே, அது என் தொண்டை. நம்பிக்கை இல்லையா? "என்னம்மா, எடுத்ததும் அடிமாட்டு விலை கேக்குறே?" பார்த்தாயா, கண்டக்டரே திரும்பிப் பார்க்கிறார். ஒன்றுமில்லை தம்பி, நீங்கள் டிக்கெட்டைக் கிழியுங்கள்.

நீ எங்கே, சேலமா? நான் தர்மபுரியில் இறங்கிவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராஜாமணி பாத்திர மாளிகை என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். ராஜாமணி நான்தான். அந்த விளையாட்டு, 'புதுக்குடித்தனம்', அதில் வருகிற பாத்திரக்கடையும் என் கடைதான். அலமாரி, கல்லா, மேலே கவிழ்த்துத் தொங்குகிற குடம், எல்லாம் அப்படியே போட்டோ பிடித்து வரைந்தது. வரைந்தவள் என் மகள் இந்துஜா. பத்துக் குடும்பம் ஒரு ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறது, நீ அவர்களுக்கு வீடு பார்த்து, பால் காய்ச்சி, சாமான் வாங்கிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதானே? எப்போது ஏற்றினாய் போனில்? நேற்றா? அப்படியென்றால் உனக்குத் தெரியாது. ஒரு மாதத்துக்கு முன்னால் அது வேறு மாதிரி இருந்தது.

நிறுத்திவிட்டு என்னைக் கேள். தர்மபுரி வரைக்கும் நேரம் இருக்கிறது. கேட்டுவிட்டு நீயே சொல், இது துரோகமா இல்லையா என்று.

என் வீட்டுக்காரர் போகும்போது இந்துவுக்கு ஆறு வயது. கூடையில் எவர்சில்வரை அடுக்கி, பழைய துணிக்குப் பாத்திரம் என்று தெருத்தெருவாகக் கூவினேன். என் பள்ளிக்கூடம் அடுத்தவர் வீட்டு வாசற்படிதான். ஜரிகைப் புடவையைக் கொடுத்துவிட்டு அதில் கிழிசல் இல்லை என்று சத்தியம் பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாயை அவிழ்த்து விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒன்று கற்றேன். ஒருத்தி எந்தப் பாத்திரத்தை வேண்டவே வேண்டாம் என்று தள்ளி வைக்கிறாளோ, அதுதான் அவளுக்கு வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இந்த முப்பது வருஷத்தில் என்னை ஏமாற்றியவர்கள் கிடையாது. ஒரே ஒருத்தியைத் தவிர. அவளைப் பெற்றவளே நான்தான், யாரிடம் போய்ச் சொல்ல?

போன வருஷம் ஆடி மாதம், வியாபாரம் படுத்துக் கிடக்கிற நேரம், இந்து பெங்களூரிலிருந்து மைக்கோடு வந்தாள்.

"அம்மா, கேம்ல ஒரு பாத்திரக்கடை வருது. நடிக்கிறவங்களை வச்சுப் பேச வச்சோம், பேரம் மாதிரியே இல்ல, தாலாட்டு மாதிரி இருக்கு. நீ பேசு."

"எனக்கு என்னடி தெரியும்?"

"நீ தினமும் பேசுறதுதான். நான் வாங்க வந்தவ, நீ கடைக்காரி. ஆரம்பி."

நான்கு நாள் கண்ணு. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி, சத்தம் விழும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசினோம். முதல் நாள் விளையாட்டு. இரண்டாம் நாள் நிஜச் சண்டை. இட்லிக் குண்டானுக்கு அவள் கேட்ட விலையில் எனக்கு ரத்தம் கொதித்து, "உன்னையெல்லாம் பெத்தவ என்னத்தைச் சொல்லிக் குடுத்தா?" என்று கத்திவிட்டேன். அதையும் வைத்துக்கொண்டாள். விளையாடிப் பார், ரொம்பக் குறைத்துக் கேட்டால் அது வரும்.

நாலாம் நாள்தான் விஷயம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வருவார்கள். மூன்று மணி நேரம் பேரம் நடக்கும், சம்பந்திகள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாத குறை. எல்லாம் படிந்து கட்டி முடித்த பிறகு, என் கணக்கில் ஒரு தூக்குவாளி எடுப்பேன். அதில் பெயர் வெட்டுகிற மெஷினை வைத்து, டர்ர்ர் என்று இரண்டு பெயரையும் நானே வெட்டுவேன். மற்றப் பாத்திரத்தில் எல்லாம் பெண்ணைப் பெற்றவன் இனிஷியல் இருக்கும், இதில் மட்டும் கட்டிக்கொள்ளப் போகிற இரண்டு பேரும் இருப்பார்கள். இருவரையும் கூப்பிட்டு வாளியின் பிடியைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, "ஒரு உலை, ஒரு வாசல். ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்பேன்.

எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாக உண்டாக்கியது. கல்யாண மேடையில் என்னை அட்சதை போட யார் கூப்பிடுகிறார்கள்? பூவிழந்தவள் எதிரே வந்தாலே ஒதுங்குகிறவர்கள். சரி போங்கடா, என் கடையில் வைத்து நான் வாழ்த்துகிறேன், வாங்காமல் எப்படிப் போகிறீர்கள் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். இப்போது அந்த வாளிக்காகவே என் கடைக்கு வருகிறார்கள்.

அதைச் சொல்லச் சொன்னாள். "மாப்ள, பொண்ணுன்னு வேண்டாம்மா. யார் வேணா வருவாங்க. பொதுவா சொல்லு."

சொன்னேன். இன்னொரு தரம் என்றாள். சொன்னேன். பதினோரு தரம் சொல்ல வைத்தாள். கடைசியில் பார்த்தால் அவள் கண்ணில் தண்ணீர். அப்பன் ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்து நானும் ஒரு மூச்சு அழுதேன். முகத்தைப் பார்த்துச் சரக்கைச் சொல்கிறவள் நான். அன்றைக்கு ஃபேன் வேறு ஓடவில்லையா, மண்டை வேலை செய்யவில்லை.

விளையாட்டு வெளியே வந்தது. தர்மபுரியில் ஒரு மாதம் நான்தான் பேச்சு. கடைக்கு வருகிற காலேஜ் பெண்கள் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

அப்புறம் பென்னாகரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். என் நாத்தனார் தெய்வானை, அவளுக்கு நாக்கு தேளின் கொடுக்கு, பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, உங்க ஆசீர்வாதம் ரொம்பத் தாராளமாப் போச்சு? யார் யாருக்கோ குடுக்குறீங்க?"

போனைக் காட்டினாள். என் கடை. கல்லாவுக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி மூக்குக்கண்ணாடி, ஒருத்தி சுருட்டை முடி. விளையாட்டில் அவர்களுக்குப் பெயர் செண்பா, நாச்சி. வாளியில் டர்ர்ர் என்று பெயர் விழுகிறது. இரண்டு பேரும் பிடியைச் சேர்த்துப் பிடிக்கிறார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் நெற்றியில் முத்தம் கொடுக்கிறாள், என் குரல் சொல்கிறது: "ஒரு உலை, ஒரு வாசல். ரெண்டு பேரும் நல்லா இருங்க."

பந்தியே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்புகூடப் பெரிதில்லை. அந்தச் சுருட்டை முடியை எனக்குத் தெரியும். அந்தப் பொம்மைகள் குடியிருக்கிற வீட்டுச் சமையலறையையும் தெரியும். அந்த வீட்டுக்கு அடுப்பிலிருந்து அன்னக்கரண்டி வரைக்கும் கொண்டுபோய் இறக்கியவளே நான்தானே.

சுகிர்தா. மார்த்தாண்டத்துப் பெண். இந்துவோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு நாலு பொங்கலுக்கு வந்திருக்கிறாள். என்னோடு பேரம் பேசி ஒரு பால்குக்கரை ஜெயித்துக்கொண்டு போனவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான், அதனால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "இவளைக் கட்டிக்கிறவன் குடுத்து வச்சவன்" என்று அவள் முன்னாலேயே சொல்வேன். இரண்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கும்.

மண்டபத்துக்குப் பின்னால் அண்டா கழுவுகிற இடத்தில் நின்று இந்துவைக் கூப்பிட்டேன்.

"அந்த ரெண்டு பொம்பளையும் யாருடி?"

"நாங்கதாம்மா."

"எத்தனை வருஷமா?"

"ஏழு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தாம்மா அந்த நாலு நாளும் வந்தேன். வாய் வரல. நீ அந்த வார்த்தையச் சொன்னப்ப, எங்களுக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு. அது போதும்னு கிளம்பிட்டேன்."

போதுமாமே! கேட்டு வாங்கினால் தானம். பேசி வாங்கினால் வியாபாரம். கேட்காமல் கடைக்காரி அசந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு போனால் அதற்கு என்ன பெயர் கண்ணு? நான் கையில் எடுத்துக் கொடுக்கிற ஒரே ஒரு சாமான் அது. அதைத் திருடிவிட்டாள். ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டிவிட்டு, பெற்றவளுக்குத் தெய்வானை மூலமாகத் தெரிகிறது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்றுதானே பார்க்கிறாய்? அது வேறு பேச்சு. கேட்டிருக்க வேண்டும்.

கோபம் வந்தால் நான் நிற்க மாட்டேன். மறுநாளே ஒரு வக்கீலைப் பிடித்து கம்பெனிக்குக் கடிதம் எழுத வைத்தேன். என் குரலை எனக்குத் தெரியாத காரியத்துக்குப் பயன்படுத்திவிட்டீர்கள், எனக்கு இதில் சம்மதம் இல்லை, எடுங்கள் என்று. பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். இந்துவிடம் சொல்லவில்லை. அவள் என்னிடம் சொல்லிவிட்டா செய்தாள்? தீர்ந்தது கணக்கு.

இரண்டு வாரம் ஆனது. இந்து போன் எடுக்கவில்லை. சரி, வீம்பு, என் ரத்தம்தானே என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு காலேஜ் பெண் கடைக்கு வந்து, "என்ன ஆன்ட்டி, செண்பாவையும் நாச்சியையும் விரட்டிட்டீங்க?" என்றாள்.

"நான் எங்கே விரட்டினேன்?"

காட்டினாள். விளையாட்டைப் புதிதாக மாற்றி இறக்கியிருக்கிறார்கள். அதே இரண்டு பெண்கள், அதே கல்லா. ஆனால் அவர்கள் இப்போது அக்கா தங்கச்சியாம். பேரம் முடிந்ததும் வாளி இல்லை, பெயர் இல்லை. அவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள், என் குரல் சொல்கிறது: "சரி சரி, நகருங்க. அடுத்து யாரு?"

அதுவும் நான் பேசியதுதான். கூட்ட நேரத்துக்கென்று மூன்றாம் நாள் பேசியது. அதை வெட்டி இங்கே ஒட்டிவிட்டார்கள்.

எனக்கு உடம்பு பூரா எரிந்தது கண்ணு. முப்பது வருஷத்தில் பேரம் படிந்தவர்களை நான் வெறுங்கையோடு அனுப்பியது கிடையாது. குடித்துவிட்டு வந்து கல்லாவில் வாந்தி எடுத்த மாப்பிள்ளைக்குக்கூட வாளி கொடுத்தேன். அந்தப் பிள்ளைகள் இரண்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறதுகள், என் வாய் அதுகளைப் பார்த்து 'நகருங்க' என்கிறது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிறவளா நான்? யாரைக் கேட்டுச் செய்தான் அந்த கம்பெனிக்காரன்?

இன்றைக்குக் காலையில் முதல் பஸ் பிடித்து பெங்களூர் போனேன். கண்ணாடி ஆபீஸ். கிரிதர் என்று ஒருவன், தமிழ்ப் பையன்தான், கம்பெனிக்குப் பெரிய ஆளாம். காப்பி கொடுத்தான். அதைத் தொடவில்லை. வாங்கிக் குடித்தால் குரல் இறங்கிவிடும்.

"ஏன் சாமி, என் கடைக்கு வந்தவங்களை நகருன்னு சொல்றதுக்கு நீ யாரு?"

"அம்மா, நீங்க கேட்டதைத்தானே செஞ்சோம்? உங்க லெட்டர் இருக்கு."

"என் குரலை எடுக்கச் சொன்னேன். அந்தப் பொண்ணுங்களைத் துரத்தச் சொன்னேனா?"

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கக்கினான். விளம்பரம் கொடுக்கிற ஆட்கள் அந்த இரண்டு பெண்களையும் மாற்றச் சொல்லி ஆறு மாதமாக நச்சரித்தார்களாம். இந்து ஒற்றை ஆளாக நின்று மாற்றவே மாட்டேன் என்றாளாம். நிஜமாகவே அப்படி ஒரு கடைக்காரி இருக்கிறாள், என் அம்மா, அவளே மனசாரச் சொன்னது என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். எதிர்த்துப் பேச ஆளில்லை. அந்த நேரம் பார்த்து என் கடிதம்.

"மீட்டிங்ல ஸ்கிரீன்ல போட்டோம்மா. அதைப் பார்த்துட்டு இந்துஜா எழுந்து போயிட்டாங்க. அன்னைக்கே வேலைய விட்டுட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

சுவரில் போட்டிருக்கிறான் கண்ணு. ஆளுயரத்துக்கு. என் கையெழுத்தோடு. நான் கோபத்தில் எழுதினேன், இவன் அதை லாபத்துக்கு எடுத்திருக்கிறான். அம்மாவுக்கும் மகளுக்கும் ஆயிரம் இருக்கும், அதைச் சுவரில் போடுவானா ஒருத்தன்? "இன்னொரு கடிதம் எழுதித் தர்றேன், எனக்குச் சம்மதம்னு. பழையபடி போடு" என்றேன். நான் கேட்டுக் கெஞ்சியது வாழ்நாளில் அது ஒன்றுதான். "இனிமே முடியாதும்மா, எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு" என்கிறான். உன் கண்ணாடியில் கல் விழ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். சும்மா தான். ஊருக்கு வந்துவிட்டு எட்டிப் பார்க்காமல் போனால் நன்றாக இருக்காது.

சுகிர்தாதான் கதவைத் திறந்தாள். "வாங்கம்மா" என்றாள், ஒரு சொட்டுக் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்து உள்ளேயிருந்து வந்தாள். இளைத்துவிட்டாள். காலர் எலும்பு தெரிகிறது.

கம்பெனியில் போட்ட சண்டையை எல்லாம் சொன்னேன். கிரிதர் முகம் போன போக்கைச் செய்து காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"எதுக்கும்மா சண்டை போட்டே?"

"பின்னே? உங்க ரெண்டு பேரையும் வெறுங்கையா அனுப்பி இருக்கானே! அதுவும் என் வாயால!"

இந்து சுகிர்தாவைப் பார்த்தாள். போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"கேமை விடும்மா. அது போச்சு. நாங்க இங்கதான் நிக்கிறோம். மைக் இல்ல, தெரியாமப் பேசுறேன்னு இல்ல. இப்பச் சொல்லு."

வாய் திறந்தேன் கண்ணு. சத்தியமாகத் திறந்தேன். ஆயிரம் ஜோடிக்குச் சொன்ன வார்த்தை. முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் சொன்னது. தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. இரண்டு பேரும் கோவிலில் கற்பூரத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல்ல அந்த கம்பெனிக்காரன் அதைத் திருப்பிப் போடட்டும்" என்றேன். "அப்புறம் பார்ப்போம்."

இந்து என்னையே பார்த்தாள். "எங்கிட்டயே பேரம் பேசுறியாம்மா?"

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு கத்தியிருப்பேன், ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும். "ஒரு வாய் தின்னுட்டுப் போங்கம்மா, மீன் வச்சிருக்கேன்" என்றாள் சுகிர்தா. எனக்கு ரோஷம். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பேரத்தில் ஒன்று உண்டு, உனக்குத் தெரிந்திருக்கும். விலை படியாவிட்டால் முந்தானையை உதறிக்கொண்டு நடந்துவிட வேண்டும். நாலு எட்டு. அஞ்சாவது எட்டுக்குள் "ஏம்மா, இங்க வா, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்" என்று பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். நான் நடந்து கூப்பிடாதவர்கள் கிடையாது. சேலத்து மொத்தக்கடைக்காரன் தெருமுனை வரைக்கும் ஓடி வந்திருக்கிறான்.

மாடிப்படி மெதுவாகத்தான் இறங்கினேன். முழங்கால் வலி வேறு. கேட்டண்டை நின்று செருப்பு வாரைச் சரிசெய்தேன். நன்றாகத்தான் இருந்தது வார், இருந்தாலும் சரிசெய்தேன். பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்ஸை விட்டேன். ஜன்னலில் அவர்கள் நிற்பது தெரிந்தது. நின்றார்கள். கூப்பிடவில்லை.

துரோகமா இல்லையா, நீயே சொல். விளையாட்டை மூடிவிட்டாயே, மூட வேண்டாம், நீ விளையாடு.

நானாகக் கூப்பிடுவதா? நன்றாகச் சொன்னாய். நடந்து வந்தவள் நான், கூப்பிட வேண்டியது அவள். அதுதான் முறை. நடந்து வந்தவளே திரும்பிப் போய் நின்றால் அப்புறம் அவள் சொன்னதுதான் விலை.

கிருஷ்ணகிரி தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது.

கண்ணு, இந்தா, என் போனைக் கொஞ்சம் பார். எனக்கு இந்த எழுத்து தெரியவில்லை. மணி அடிக்கிற மாதிரிதானே வைத்திருக்கிறேன்? நன்றாகப் பார். சத்தம் முழுக்க வைத்திருக்கிறேனா?

வைத்திருக்கிறேனா. சரி.

கொடு.